கண்ணில் கடித்த செருப்பு

"டாக்டரம்மா, கண்ணுல செருப்பு கடிச்சிடுச்சு" என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுத்த ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். வலியில் துடிக்கிறவன் தன் தொழில் பாஷையில்தான் கத்துவான். வக்கீலாக இருந்திருந்தால் ஆட்சேபணை தெரிவித்திருப்பேன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஆகவே செருப்பு கடித்தது.

இப்போது கண் நன்றாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதவே முடிகிறது. அண்மையில் இதே வியாதிக்காரர் ஒருவர் வாணியம்பாடியிலிருந்து என்னைத் தேடி வந்தார். "லென்ஸ் போட்டா வலிக்குமா, எத்தனை நாள் படுக்கணும், நிஜமாவே தெரியுமா?" என்று கேட்டார். வாயால் சொன்னதை அவர் பாதிதான் நம்பினார் என்று தோன்றியது. அச்சில் இருந்தால் நம் ஜனங்கள் முழுதாக நம்புவார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் செய்த ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்தால், படுக்கவே வேண்டியதில்லை.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வைத்தியத்தைக் கெடுத்தது அதுதான். ஷூவுக்கு 'லாஸ்ட்' என்று ஒரு மரக்கட்டை உண்டு, பாதத்தின் வடிவத்தில் கடைந்தது. அதன்மேல் காகிதப் பட்டையை ஒட்டி, எங்கே தையல் வரும், எங்கே மடிப்பு வரும் என்று பென்சிலால் கோடு போட்டு, அதைக் கழற்றி அட்டையில் வெட்டிக் கொடுப்பவன் பேட்டர்ன் மாஸ்டர். அந்த அட்டையை வைத்துத்தான் தோலை வெட்டுவார்கள். என் கோடு ஒரு நூல் விலகினால், ஜெர்மனியில் யாரோ ஒருவருடைய சுண்டுவிரல் அழும். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். நூல் பிசகினால் என்ன ஆகும் என்பது எனக்கு ரத்தத்திலேயே தெரியும்.

அந்தக் கோடுதான் முதலில் பெருக ஆரம்பித்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் நான் போட்ட ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. பென்சில் முனை பிளந்துவிட்டதென்று சீவினேன். மூன்றாகத் தெரிந்தது. இரண்டு கோடுகள் மங்கலாக, ஒன்று கொஞ்சம் அழுத்தமாக. அழுத்தமானதே அசல் என்று முடிவு செய்துகொண்டு சில வருஷம் குடித்தனம் நடத்தினேன். எங்கள் கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில், அதாவது தோலை இழுத்துக் கட்டையில் மாட்டும் பிரிவில், காதர் என்று என் தோஸ்த். ரம்ஜான் முடிகிற மாலை எல்லோரும் மொட்டை மாடியில் பிறை தேடினார்கள். காதர் விரலை நீட்டிக் காட்டிய திசையில் நானும் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரு பிறை. எனக்கு ஒரு கொத்து, வாழைச் சீப்பு மாதிரி.

"எத்தினி தெரியுது மாஸ்டர்?" என்றான்.

"நாலஞ்சு இருக்கும்பா."

"ஒரு பிறைக்கு ஒரு நாள் பெருநாள். உங்க கணக்குக்கு முதலாளி வாரம் பூரா லீவு வுடணும். போய்ச் சொல்லுங்க, சொல்லுங்க!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்கும்போது படிக்கட்டும் ஒன்றுக்கு மூன்றாகத் தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் தன்னால் ஆனதைச் செய்தார். போகும்போதெல்லாம் பவரை ஏற்றினார். "சிலிண்டர் பவர் ஏறிட்டே போகுது சார்" என்பார், பிள்ளை வளர்வதைச் சொல்வதுபோல. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேஸ் அடுப்பு வராத காலம் அது. எனக்கு மட்டும் இரண்டு கண்ணிலும் சிலிண்டர். கடைசியில் அவரே ஒரு நாள் கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே ஏத்தினாலும் தெரியாது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். வியாபாரி ஒருவர் வியாபாரம் வேண்டாம் என்று சொன்ன அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் காத்திருக்கும் கூடம் ஒன்று உண்டு. மருந்து விட்டுக் கண்பாவை விரிகிறவரை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவன் பார்த்தால் ஞானிகள் கூட்டம் என்றே நினைப்பான். நர்ஸ் "முனுசாமி!" என்று கூப்பிட்டால், வட ஆற்காடு ஜில்லா முனுசாமிகள் அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமல் எழுந்து நிற்பார்கள். என் மனைவி கமலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தன்று பிடித்ததைவிட இறுக்கமாக.

உள்ளே ஒரு டாக்டரம்மா. மலையாளி. தமிழை நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டவர். ஆகையால், எம்.எஸ். பட்டம் வாங்கியவரின் வாயிலிருந்து காட்பாடி சந்தைத் தமிழ் வரும்.

"இன்னா சார், ரொம்ப பேஜாரா கீதா?" என்று கேட்டார். எனக்கு உடனே பாதி பயம் போயிற்று.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அந்த வெளிச்சம் நல்ல கண்ணில் ஒரே பட்டையாக நகருமாம். என் கண்ணில் கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல நகர்ந்ததாம். பிறகு கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக வரைந்த ஒரு தட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, அதன் நடு ஓட்டை வழியாகப் பார்த்தார். வளையங்கள் கருவிழியில் பிரதிபலிக்கும். நல்ல கண்ணில் வட்டம் வட்டமாகத் தெரியும். "உங்க கண்ணுல வட்டமே இல்ல. எல்லாம் மாங்கா மாதிரி கீது" என்றார். கமலாவைக் கூப்பிட்டு, என்னைக் கீழே பார்க்கச் சொல்லி, பக்கத்திலிருந்து காட்டினார். என் கருவிழி முன்னால் துருத்திக்கொண்டு கீழிமையை ஆங்கில 'வி' மாதிரி தள்ளிக்கொண்டு நின்றதாம்.

"ஐயையோ, மூக்கு மாதிரி இருக்குதே!" என்றாள் கமலா. எனக்கு ஏற்கெனவே இருக்கிற மூக்கே போதுமானது என்று நினைத்திருந்தேன்.

வியாதியின் பெயர் கெரட்டோகோனஸ். கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல முன்னால் இருக்கிற தெளிந்த மூடி. அது பந்துபோல உருண்டையாக இருக்க வேண்டும். சிலருக்கு நடுவில் மெலிந்து, உள்ளேயிருக்கிற அழுத்தம் தாங்காமல் கூம்பாகப் பிதுங்கிவிடுகிறது. கூம்பு வழியாக வெளிச்சம் பல திசையில் உடைகிறது, ஒன்று நாலாகிறது. மூக்குக்கண்ணாடி அதற்கு உதவாது, ஏனென்றால் மேடுபள்ளம் கண்ணிலேயே இருக்கிறது. அதன்மேல் கெட்டியான சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை மிதக்க விட்டால், நடுவில் கண்ணீர் தேங்கி மேடுபள்ளத்தை நிரப்பிவிடும். லென்ஸின் வழவழப்பான முகமே அதன்பிறகு கண்ணின் முகம். அதுவும் சரிப்படாவிட்டால், இறந்தவர் ஒருவரின் கருவிழியை வட்டமாக வெட்டி இங்கே தைக்க வேண்டும்.

என் இடது கண் ஏற்கெனவே நடுவில் தழும்பு விழுந்து மங்கிப்போயிருந்தது. வலது கண்தான் சம்பாதிக்கிற கண். இடது சும்மா கூட வருவது. "இந்த வலது கண்ணுல லென்ஸ் நின்னா நீங்க பென்சில் புடிப்பீங்க. நிக்கலைன்னா வேற பேசணும்" என்றார் டாக்டரம்மா. அந்த 'வேற' என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

லென்ஸ் பொருத்துவது செருப்புக் கடையில் ஜோடி பார்ப்பது மாதிரிதான். ஒரு பெட்டியில் பல வளைவில் சோதனை லென்ஸ்கள், சட்டைப் பித்தானைவிடச் சின்னவை. ஒன்றை எடுத்துக் கண்ணில் வைப்பார். பிறகு மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதத் துண்டை இமையோரம் தொட்டு, நீல விளக்கில் பார்ப்பார். சாயம் கண்ணீரில் கலந்து பச்சையாக ஒளிரும். லென்ஸ் கண்ணில் ஒட்டுகிற இடம் கறுப்பாகவும், கண்ணீர் தேங்குகிற இடம் பச்சையாகவும் தெரியும். லென்ஸ் தட்டையாக இருந்தால் பாரமெல்லாம் கூம்பின் உச்சியிலேயே உட்கார்ந்து தேய்க்கும். ரொம்ப வளைந்திருந்தால் ஓரத்தில் கவ்விக்கொண்டு நகராது. உச்சியை லேசாகத் தொட்டு, மிச்ச பாரத்தைச் சுற்றிலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் லென்ஸ் போட்டபோது கண்ணில் ஒரு கைப்பிடி மணல் போட்ட மாதிரி இருந்தது. கண்ணீர் வடிந்து சட்டை நனைந்தது. கொஞ்சம் பொறுத்து, இமையைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். எழுத்துப் பலகையில் 'ப' இருந்தது. ஒரே ஒரு 'ப'. அதற்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

அந்த நிமிஷம் நான் எடுத்த முடிவு: என்ன ஆனாலும் இதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். "கடிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார். கடித்தது. "இல்லீங்க, சொகமா கீது" என்றேன். கடிக்கிறது என்றால் கழற்றி வாங்கிக்கொண்டுவிடுவாரோ என்ற பயம்.

"தினம் கொஞ்ச நேரம் போடுங்க, மெதுவா ஏத்துங்க. வலிச்சா ஒடனே கழட்டணும். தூங்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா கழட்டணும். எச்சில் தொட்டுப் போட்டா ஒதைப்பேன்" என்று சொல்லி, அந்த லென்ஸையே டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

எச்சில் தொடவில்லை. அதற்கு நான் உறுதி. மற்றதெல்லாம் போச்சு.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. இருபது வருஷமாக, புது ஷூ கடிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் ஒரே பதிலைச் சொல்லி வந்திருக்கிறேன்: போட்டுக்கொண்டே இருங்கள், பழகிவிடும். புதுத் தோல் முதலில் முறைக்கும், பிறகு காலுக்கு ஏற்ப இளகிக் கொடுக்கும். கடிக்கிறது என்று கழற்றி வைத்தவன் ஆயுசுக்கும் அதைப் போட மாட்டான். ஆகையால் காலையில் மாட்டிய லென்ஸை மாலைவரை கழற்றாமல் வேலை பார்த்தேன். கோடு ஒன்றாகத் தெரிகிற ஆனந்தத்தில், கண் சிவந்து ஒழுகியதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. காதர் பார்த்துவிட்டு, "இன்னா மாஸ்டர், அழுவறீங்களா?" என்றான்.

"புது ஜோடி காதர். கொஞ்சம் கடிக்குது. என்ன பண்ணலாம்?"

அவன் தோலை இழுத்துக் கட்டையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "இன்னா மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததா? ராத்திரி பூரா ஏத்தி வெச்சிடுங்க. காலைல வடிவம் புடிச்சிக்கும்."

லாஸ்ட் கட்டையில் ஏற்றிய தோலை உடனே கழற்றக் கூடாது. கட்டையிலேயே இரவு இருந்தால்தான் வளைவு நிலைக்கும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. கண் என்பது கட்டை, லென்ஸ் என்பது தோல். இவ்வளவு எளிய விஷயம் அந்த டாக்டரம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டுக்கொண்டே, அன்று லென்ஸோடு படுத்தேன்.

காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மிளகாய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, அதில் சுண்ணாம்பு போட்டு, அதைக் கண்ணில் ஊற்றி, மேலே இமையை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. கமலா கத்திய கத்தலில் தெரு கூடியது. கம்பெனி வேனில் வேலூர் கொண்டு போனார்கள். பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் கேட்டாள்:

"டாக்டரம்மா கழட்டணும்னு சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குக் கழட்டல?"

விளக்கினேன். கட்டை, தோல், வளைவு, எல்லாம். வேன் ஓட்டியவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். கமலா முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "இவ்ளோ புஸ்தகம் படிச்சும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். முடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

டாக்டரம்மா சாயத்தைத் தொட்டு நீல விளக்கில் பார்த்தார். இந்தத் தடவை கருவிழியிலேயே பச்சை ஊறி நின்றதாம். மேல்தோல் உரிந்து, கருவிழியில் புண். அப்போதுதான் நான் செருப்புக் கடியைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது.

"ஷூல கால் கெட்டி, தோல் மெத்து. அதனால தோல் வளையுது. இங்க எது மெத்து?"

நான் மறுபடி லென்ஸை அழுத்திப் பார்த்தேன்.

"மெத்தா இருக்கறதுதான் வளையும் மாஸ்டர். லென்ஸ் வடிவம் புடிக்கல. உங்க கண்ணு புடிச்சிருச்சு."

தலைகீழாகப் போட்டிருக்கிறேன். என் கண்தான் தோல், லென்ஸ்தான் கட்டை. இருபது வருஷ அனுபவம் உள்ள மாஸ்டர், கட்டை எது தோல் எது என்று தெரியாமல் ஆணி அடித்திருக்கிறார்.

வார்டில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து, பகலிலும் இரவிலும். தூக்கம் வருகிற சமயமாகப் பார்த்து நர்ஸ் இமையைப் பிரிப்பார். வலது கண்ணை வெளிச்சம் படாமல் பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது கூட வருகிற இடது கண். அதன் வழியாக வார்டு முழுக்கப் புகை. கட்டில்கள் ஒன்றோடொன்று கலந்து நின்றன. கமலாவுக்கு நாலு முகம், நாலிலும் கவலை.

புண் ஆறினால் தழும்பு விழும். தழும்பு ஓரத்தில் விழுந்தால் லென்ஸ் போடலாம். நடுவில் விழுந்தால் போடவே முடியாது, மாற்றுக் கருவிழிதான். அது எப்போது கிடைக்கும், கிடைத்தாலும் ஒட்டுமா என்பதற்கு யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அது வரையில் பென்சில் இல்லை, புத்தகம் இல்லை. இதை ஒரு சின்ன டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். நல்ல பையன். விளக்காமல் இருந்திருக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் நாட்றம்பள்ளி லாரி டிரைவர் துரை. கண்ணில் கல் தெறித்து, இடது கண்ணில் பட்டைக் கட்டு. எனக்கு வலது மறைப்பு. "நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார்.

"செருப்புக்காரரே, பொணத்து கண்ணு வெக்கப்போறாங்களாமே?"

"வெச்சாலும் வெப்பாங்க."

"யாருதுன்னு கேட்டு வாங்கிக்கோ. போலீஸ்காரன் கண்ணா இருந்துச்சுன்னா பேஜார். என்னப் பாக்கறப்பல்லாம் உனக்குக் கை நீட்டத் தோணும்."

அன்று முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்ததில் கண் வலித்தது. வலித்ததால் துரை இன்னும் நாலு சொன்னார்.

கமலா பகலெல்லாம் எனக்குப் பத்திரிகை படிப்பாள். ஏழாவதோடு நின்ற படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் அவசரக்காரன், வார்த்தை முடியுமுன்னே ஊகித்துச் சொல்லிவிடுவேன். என் ஊகம் பெரும்பாலும் தவறு. "கம்முனு கெடங்க. நீங்க இஷ்டத்துக்குச் சொல்றதுக்கா எழுதி வெச்சிருக்காங்க?" என்பாள். வார இதழில் தொடர்கதை வந்தால் வார்டே கேட்கும். சோகமான இடம் வந்தால் அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுவாள். கண்ணில் புண் இருப்பவர்கள் அழக் கூடாது என்பது அவள் சட்டம். அதனால் அந்தக் கதையின் நாயகி எதற்காக வீட்டை விட்டுப் போனாள் என்பது எங்கள் யாருக்குமே தெரியாது.

காதர் வந்தான். கட்டில் கால்மாட்டில் நின்று என்னையே பார்த்தான்.

"மாஸ்டர், நான் சொன்னது ஷூவுக்கு. சத்தியமா ஷூவுக்கு. நீங்க கண்ணுக்கா பண்ணீங்க?"

"புது ஜோடின்னு சொன்னேனே."

"கண்ணுல போடறத யாராவது ஜோடின்னு சொல்லுவாங்களா?"

துரை கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இந்த விவரத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். காதர் சொன்னான். அதன்பிறகு வார்டில் எனக்கு அந்தஸ்து கூடியது. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் துரை என்னைக் காட்டி, சரித்திரம் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி எழுதினால் இது வேறு ரகக் கட்டுரையாகிவிடும். கம்பெனி முதலாளி பாதியைப் பார்த்துக்கொண்டார். "மாஸ்டர், கண்ணு வர்றவரிக்கும் உங்க மேஜைல யாரும் ஒக்கார மாட்டாங்க" என்றும் சொல்லி அனுப்பினார். அதை நல்ல சேதி என்று கமலா சந்தோஷப்பட்டாள். எனக்கு அப்படிப் படவில்லை. காலியாக இருக்கிற மேஜை, நிரப்பிய மேஜையைவிட அதிகம் கேள்வி கேட்கும்.

ஒரு காலை டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். மேலே, கீழே, இடது, வலது என்று சொன்ன பக்கமெல்லாம் பார்த்தேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"தழும்பு கீழ எறங்கி வுழுந்திருச்சு" என்றார். "நடு க்ளீனா கீது."

கமலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். துரை, "அப்ப போலீஸ்காரன் கண்ணு கேன்சல்!" என்று அறிவித்தார்.

கண் நன்றாக அடங்கட்டும் என்று வீட்டுக்கு அனுப்பி, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடி அதே நாற்காலி, அதே பெட்டி. முதல் லென்ஸை வைத்தார். "கடிக்குதா?" என்றார்.

இந்தத் தடவை பொய் சொல்லுகிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல எனக்கு என் தொழில் வார்த்தைகளைத் தவிர வேறு இல்லை. "பெருவிரல் பக்கம் கடிக்குதுங்க" என்றேன்.

"கண்ணுல ஏது பெருவிரலு?"

"மூக்குப் பக்கம். குதிகால் தூக்குது, சிமிட்டறப்ப."

அவர் நீல விளக்கில் பார்த்தார். "ஆமா, வெளி ஓரம் தூக்குது" என்றார். லென்ஸை எடுத்து இன்னொன்றை வைத்தார். "இப்ப குதிகால்?"

"எறங்கிடுச்சு. ஆனா முன்பாதம் இறுக்கம்."

இன்னொன்று. "தொளதொளன்னு ஆடுது, ஒரு சைஸ் பெரிசு போட்ட மாதிரி." இன்னொன்று. "மேல மட்டும் உரசுது." அவர் விளக்கில் கண்டதும் நான் கண்ணில் உணர்ந்ததும் ஒத்துப் போகப் போக, இருவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. உதவிக்கு நின்ற நர்ஸ், நாங்கள் கண்ணைப் பற்றிப் பேசுகிறோமா காலைப் பற்றியா என்று குழம்பிப் போனார். கடைசியில் ஒன்றை வைத்தார்.

"இன்னா, பேச்சைக் காணோம்?"

"சொல்ல ஒண்ணுமில்லீங்க. போட்டிருக்கறதே தெரியல."

அவர் விளக்கில் பார்த்தார். உச்சியில் லேசான நிழல், சுற்றிலும் மெல்லிய பச்சை. "நிஜமாவா சொல்றீங்க? இல்ல போன தடவ மாதிரியா?" என்று கேட்டார். கமலாவின் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். கமலா தலையை நகர்த்திக்கொள்ளவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

அந்த அளவுக்கு எனக்கென்று ஒரு லென்ஸ் கடைந்து, பம்பாயிலிருந்து வந்து சேர்ந்த நாளில் மறுபடி வேலூர் போனோம். மாட்டினார். எழுத்துப் பலகையைக் காட்டினார். மேல் வரியிலிருந்து இறங்கினேன். ஒவ்வொரு வரியும் கீழே போகப் போகச் சின்னதாகும். நான் நிற்கவில்லை. கடைசி வரியையும் படித்தேன். அதற்கும் கீழே, பலகையின் மூலையில், எறும்பு ஊர்வதுபோல எதையோ அச்சடித்திருந்தார்கள். அச்சகத்தின் பெயரும் தெருவும். அதையும் படித்தேன்.

டாக்டரம்மா எழுந்து போய், பலகைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "இத்தினி வருஷமா இங்க கீறேன், அங்க எழுத்து இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் நீட்டினார். "போடுங்க பாக்கலாம்."

ஒரு கோடு போட்டேன். ஒரு கோடு இருந்தது.

அவ்வளவுதான். சில மணி நேரம் அங்கேயே உட்கார வைத்து, மறுபடி சாயம் தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒரு கீறலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினார்கள். "தூங்கறதுக்கு முன்னாடி?" என்று வாசலில் நிறுத்திக் கேட்டார் டாக்டரம்மா. நான் வாய் திறக்குமுன் கமலா பதில் சொன்னாள்: "செருப்ப வாசல்ல வுடற மாதிரி லென்ஸ டப்பால வுட்டாத்தான் பாய்ல எடம். நான் பாத்துக்கறேம்மா."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். நான் படிக்க ஆரம்பித்தேன். மைல்கல்லைப் படித்தேன். சிமெண்ட் விளம்பரம், பல்பொடி விளம்பரம், சுவரில் எழுதியிருந்த கட்சி வாக்குறுதிகள், டீக்கடைப் பலகை, லாரிகளின் பின்னால் எழுதியிருந்த தத்துவங்கள், புகை பிடிக்காதீர், கரம் சிரம் புறம் நீட்டாதீர். வாய்விட்டுத்தான் படித்தேன் போலிருக்கிறது. முன்சீட்டுக்காரர் ஒருவர் திரும்பி, "முதியோர் கல்வியாங்க?" என்று அன்போடு கேட்டார். கமலா வார்டில் இழந்த தூக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்து, என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாதனூர் என்று படித்தேன். ஆம்பூர் என்று படித்தேன், கொட்டை எழுத்தில், எவ்வளவு தெளிவு! அதற்கப்புறம் ஒரு உர விளம்பரம், ஒரு கல்யாண மண்டபம். விண்ணமங்கலம் என்று படித்தபோது கண்டக்டர் வந்து நின்றார்.

"ஆம்பூர் டிக்கெட் தானே நீங்க?"

"ஆமா."

"ஆம்பூர்னு நீங்களே சத்தமா படிச்சீங்களேய்யா! எறங்கறவர் படிக்கறார்னு நெனச்சேன்."

விசில் ஊதி இறக்கிவிட்டார். நல்ல வெயில். எதிர்ப்பக்கம் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். கமலா பாதித் தூக்கத்தில், ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, திட்டுவதற்குச் சரியான வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். வாணியம்பாடிப் பக்கமிருந்து தூரத்தில் ஒரு பஸ் புள்ளியாகக் கிளம்பியது. அவளுக்குக் கண் கூசியது.

"பாருங்க, அது ஆம்பூர்ல நிக்கற பஸ்ஸா?"

கேட்டுவிட்டு அவளே சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக ரோட்டோரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பவன் நான், பதில் சொல்பவள் அவள்.

நான் ரோட்டைப் பார்த்தேன். "திருப்பத்தூர் டு வேலூர். வழி வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா. நிக்கும். டிரைவர் மீசை வெச்சிருக்கார். ஒரு பக்கம் நரை."

"மீசைய யாரு கேட்டா? கையக் காட்டுங்க."

காட்டினேன். பஸ் நின்றது. கமலா போர்டைப் பார்க்கவில்லை. நேராக ஏறிப் போய் உட்கார்ந்தாள்.